ஊரே வலமாக, நான் மட்டும் இடமாக

சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஓட்டாமல் சும்மா நிற்பதற்காக ஒருத்தியை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் என்று சொன்னால் எங்கள் டவுனில் எவனும் நம்பமாட்டான். என்னை அனுப்பினார்கள்.

மலேசியாவில் ஒரு நகரம். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். சாயங்கால வெயில். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு மாதிரி ஓரத்தைத் தூக்கிக் கட்டிய சிமெண்டுத் தடம். அதன் சரிவில் நானும் ஒரு கொரியாக்காரியும் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி அசையாமல் நிற்கிறோம். கால் தரையில் படக் கூடாது. பட்டால் போச்சு.

இதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். இரண்டே பேர், மூன்று சுற்று, முதலில் கோட்டைத் தாண்டுகிறவள் ஜெயித்தாள். அப்புறம் எதற்கு நிற்க வேண்டும் என்பீர்கள். முன்னால் போகிறவள் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. முன்னால் போகிறவளின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தெம்பைச் சேர்த்து வைத்து, கடைசியில் ‘வரட்டுமா’ என்று தாண்டிப் போய்விடலாம். அதனால் இரண்டு பேரும் ‘நீ முன்னால போ தாயி’ என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நிற்போம்.

அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பெடலும் பின் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கால் நின்றால் சக்கரமும் நிற்கும். பிறகு விழாமல் இருப்பது உங்கள் சமர்த்து.

அன்றைக்கு நடந்தது மூன்றாம் இடத்துக்கான பந்தயம். மூன்றாம் இடம்தானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். மூன்றாமவளுக்குப் பதக்கம், நான்காமவளுக்குக் கைதட்டல். முதல் ஓட்டம் அவள் ஜெயித்தாள். இரண்டாவது நான் ஜெயித்தேன். இது கடைசி. குலுக்கலில் நான்தான் முன்னால் போக வேண்டும் என்று வந்தது, என் நேரம். ஒரு சுற்றைப் பைய முடித்துவிட்டு, முன் சக்கரத்தை மேட்டுப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டேன். பின்னாலேயே அவளும் நிறுத்தினாள்.

கூட்டம் முதலில் கைதட்டியது. பிறகு அமைதியானது. என் தொடை நடுங்க ஆரம்பித்தது. புருவத்திலிருந்து ஒரு வேர்வைத் துளி இறங்கிக் கண்ணுக்குள் போய் எரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன்.

அந்த அமைதியில், மேலே கேலரியிலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

“ஏளா! விட்ராத! அங்கனயே நில்லு!”

மலேசியாவில், யாரோ ஒரு அம்மாள், எங்கள் ஊர்ப் பேச்சில் என்னை ‘ஏளா’ என்கிறாள்! சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் விழுந்துவிடுவேன்.

சரி, நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நிற்கட்டும். அது முடியக் கொஞ்சம் நேரமாகும். சேரன்மகாதேவி ரோட்டில் மாட்டுவண்டியை முந்தப் போய் நான் வாய்க்காலில் விழுந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, ‘வாய்க்காலில் விழுந்தவள்தான் வெளிநாட்டில் ஜெயித்தாளாக்கும்’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆமாம் ஐயா, அவளேதான். எப்படி என்று சொல்கிறேன், கேளும்.

எவர்சில்வர் குடம்

எங்கள் வீடு டவுனில், நெல்லையப்பர் கோயிலின் கீழ ரத வீதிக்குப் பக்கத்துச் சந்தில். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் நிறைய வயல் இருந்ததாம். எனக்குத் தெரிந்து அந்த வயல் பேச்சில் மட்டும்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள்.

பொங்கலுக்குத் தெருவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்கும். கடைசியாக வருகிறவன் ஜெயித்தான். கால் ஊன்றினால் அவுட். கீழ ரத வீதிப் பாத்திரக்கடை அண்ணாச்சி பரிசாக ஒரு எவர்சில்வர் குடம் கொடுப்பார். ஒரு வருஷம் நானும் பெயர் கொடுத்தேன்.

“பொம்பளப்புள்ளையா? பொங்கல் பானைய யாரு பாக்கா?” என்றார் அண்ணாச்சி.

“அத நீங்க பாருங்க, அண்ணாச்சி. நான் இத முடிச்சிட்டு வாரேன்.”

எனக்கு வாய் அப்போதே அப்படித்தான். எல்லாப் பையன்களும் தொப்தொப்பென்று காலை ஊன்றி முடித்து, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கடலை தின்றுகொண்டிருக்க, நான் பாதித் தூரத்தில் தனியாக நின்றேன். அண்ணாச்சிக்குக் குடத்தைக் கொடுக்க மனசில்லை. “எடுத்துக்கோ, எடுத்துக்கோ” என்று கொடுத்துவிட்டு, கொடுத்த கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் பிடுங்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வேகமாக ஓட்டும் பந்தயங்களுக்குப் போனேன். ரோட்டுப் போட்டிகள். மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்தேன். எதிலும் கடைசி நூறு கஜத்தில்தான் ஜெயிப்பேன். ‘இந்தப் பெண் கடைசியில் பாய்கிறாள், இவளை டிராக்கில் விட்டுப் பார்க்கலாம்’ என்று எவரோ மேலே எழுதியிருக்கிறார்கள். வடக்கே ஒரு பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள்.

இதில் கேட்க என்ன இருக்கிறது?

டிராக் என்றால் வட்டமாகச் சுற்ற வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, போய் அசடு வழியக் கூடாதென்று நானே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். பாளையங்கோட்டை மைதானம் மண் தரை, ஒரு மழை பெய்தால் உழுத வயல். சேரன்மகாதேவி ரோடு நெட்டுக்கு நேராக ஓடும். வளைவு வேண்டுமென்றால் ரத வீதிதான். தேருக்காகப் போட்ட நல்ல தார் ரோடு, கோயிலைச் சுற்றி நான்கு வீதி, நான்கு முக்கு.

விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன். பூக்காரிகள் கூடையை இறக்கும்போது மல்லிகை வாசம் வரும். வாசல் தெளித்த ஈரத்தில் டயர் சரக்கென்று ஒலிக்கும். கீழ ரத வீதி, தெற்கு, மேல, வடக்கு. மறுபடி கீழ. மாதக்கணக்காகச் சுற்றினேன். வலமாக.

வலமாகத்தான் சுற்றினேன். வேறு எப்படிச் சுற்றுவார்கள்? நெல்லையப்பரையும் காந்திமதியையும் வலப்பக்கம் வைத்துச் சுற்றுவதற்குப் பெயர்தான் சுற்றுவது. டிராக்கில் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் அப்பாவுக்குத் தோன்றவில்லை. தினமும் வேடிக்கை பார்த்த பாத்திரக்கடை அண்ணாச்சிக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளி மைதானத்தில் வட்டம் போட இடமில்லை. சுவரிலிருந்து சுவருக்கு நேராக ஓட வேண்டும், சுவரில் முட்டாமல் நின்றால் அதுவே பெரிய காரியம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்

முகாமில் முதல் நாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சரிவுத் தடத்தைப் பார்த்தேன். பயந்துவிட்டேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. தாடிக்கார கோச் தலையசைத்தார். சாமியை நினைத்துக்கொண்டு ஏறி, ஒரே மிதி. ஜம்மென்று கிளம்பினேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆளுக்கு ஒரு பாஷை. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். வளைவு திரும்பினால் எதிரே ஐந்தாறு பேர் வரிசையாக என்னை நோக்கி வருகிறார்கள்! பிரேக்கைத் தேடினேன். பிரேக் எங்கே இருக்கிறது? அவர்கள் மேலேயும் கீழேயுமாகச் சிதறினார்கள். நான் நடுவே புகுந்து, புல்லில் போய் விழுந்தேன்.

உலகம் பூராவும் டிராக்கில் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்களாம்.

கோச் என்னைத் தூக்கிவிட்டு, “எந்த ஊர்?” என்று கேட்டார். சொன்னேன். “அந்த ஊரில் கடிகாரம்கூட இப்படித்தான் சுற்றுமா?” என்றார். கடிகாரம் எல்லா ஊரிலும் இப்படித்தானே சுற்றுகிறது, அதிலே என்ன தப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. என் இங்கிலீஷ் அந்தக் கோபத்துக்குப் போதவில்லை.

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் என் உடம்பு மறுத்தது. வேகம் கூடினால் வளைவில் சைக்கிள் தானாக வெளிப்பக்கம் ஒதுங்கியது. நான் வெளியே ஒதுங்கியதும் மற்றவள் உள்ளே புகுந்து போய்விடுவாள். எத்தனையோ விடியற்காலையில் வலது பக்கம் சாய்ந்தே பழகிய உடம்பு. அழுதாலும் கேட்கவில்லை.

முகாம் முடிந்தபோது கோச் கறாராகச் சொன்னார். வெளிநாட்டுப் போட்டிக்கு ஸ்பிரிண்டில் ஒருத்திக்குத்தான் இடம். வேகத்தில் நீதான் முதல். ஆனால் அடுத்த முகாமுக்குள் இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் அடுத்தவளை அனுப்பிவிடுவேன்.

ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். ஊரில் இடப்பக்கமாகச் சுற்ற எங்கே போவது? நான்கு வளைவுள்ள நல்ல ரோடு இருப்பது ஒரே இடத்தில்.

அப்பிரதட்சணம்

எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவன் ரத வீதியில் எந்தப் பக்கமும் போகலாம். ஆட்டோவும் மாடும் எந்தப் பக்கமும் போகலாம். சாமி கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது கோயிலைச் சுற்றியதாகிவிடும். அதை இடமாகச் சுற்றினால் அப்பிரதட்சணம். இடமாகச் சுற்றுவதெல்லாம் சாவுச் சடங்கில்தான். நான் அதைச் செய்யக் கிளம்பினேன், தினமும், வேக வேகமாக.

முதல் நாள் இரண்டாவது சுற்றிலேயே பாத்திரக்கடை அண்ணாச்சி நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“ஏளா, நில்லு! என்ன கூத்து இது? கோட்டி கீட்டி பிடிச்சிட்டா?”

“பந்தயத்துல இப்படித்தான் அண்ணாச்சி சுத்துவாங்க.”

“அவன் ஊர்ல சுத்துவான். அவன் ஊர்ல நெல்லையப்பர் இருக்காரா?”

சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் சங்கதி அம்மாவிடம் போயிருந்தது.

என் அம்மா சிவகாமி அதிகம் பேசமாட்டாள். கோபம் வந்தால் பேச்சு சுத்தமாக நின்றுவிடும், பாத்திரம் மட்டும் பேசும். அன்று காலை அடுக்களையில் அப்படி ஒரு பேச்சு. கடைசியில் வெளியே வந்தாள்.

“இனிமே அந்தப் பக்கமாச் சுத்தப்பிடாது.”

“சுத்தலன்னா என்னைய அனுப்பமாட்டாங்கம்மா.”

“அனுப்பாட்டாப் போவுது. ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எங்கன போவேன்?”

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினார். “முழுசாச் சுத்துனாத்தான தப்பு? ஒவ்வொரு தடவையும் முக்கா சுத்துல நிறுத்தி, எறங்கி நடந்துட்டா அது சுத்துக் கணக்குல வராதுல்லா?”

“ஒங்க தாலுகா ஆபீஸ் புத்திய சாமிகிட்டயும் காட்டுதேளாக்கும்!” என்றாள் அம்மா. பேப்பர் மறுபடி மேலே ஏறிவிட்டது.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதேன். எல்லோரையும் விட வேகமாக ஓட்டத் தெரிந்தும், திரும்பத் தெரியாத காரணத்தால் ஒரு இடம் கையை விட்டுப் போகிறது என்றால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். ஈரத் தலையோடு, துன்னூறு பூசிய நெற்றியோடு, வாசலிலேயே நின்று சொன்னாள்.

“நீ சுத்து.”

“அப்ப சாமி?”

“நீ தப்பாச் சுத்துனா, நான் நேராச் சுத்துதேன். சரியாப் போவும்.”

எதிரே வரும் அம்மா

மறுநாளிலிருந்து நான் சைக்கிளில் இடமாக, அம்மா நடையில் வலமாக. அவளுக்கு முட்டுவலி வேறு. அவள் ஒரு சுற்று முடிப்பதற்குள் நான் பல சுற்றுப் போய்விடுவேன். கணக்கு எங்கே சரியாவது? அம்மா பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொண்டாள். அந்த மதினி தன் கொழுந்தியாளைக் கூப்பிட்டாள். பூக்காரிகள் வியாபாரம் ஆரம்பிப்பதற்குள் ஆளுக்கு ஒரு சுற்றுப் போட்டார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? நம்ம பாத்திரக்கடை அண்ணாச்சி. அவருக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லி டாக்டர் தலையால் அடித்துக்கொண்டும் நடக்காத மனுஷன்.

“ஒனக்காவ ஒண்ணும் நடக்கல கேட்டியா” என்றார். “இது சீக்குக்கு.”

“சரி அண்ணாச்சி. சீக்குக்கே நடங்க.”

இப்படியாக விடியற்காலையில் ரத வீதியில் ஒரு ஊரே வலமாக நடந்தது. நான் ஒருத்தி மட்டும் இடமாகப் பறந்தேன். கோலத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டால் ‘சவத்து மூதி, கண்ணு எங்க இருக்கு?’ என்று திட்டு விழும். திட்டியவளே அடுத்த சுற்றில் ‘வெரசாப் போ, வெரசாப் போ’ என்பாள்.

மூன்று முக்கு சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வடக்கு ரத வீதி முடிந்து மேல ரத வீதிக்குத் திரும்பும் அந்த ஒரு முக்குதான் படுத்தியது. வேகமாக வந்து திரும்பினால் வண்டி வெளிப்பக்கம், கடைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துத்தான், அந்தக் கடை ஓரத்தில், லைட்டுக் கம்பத்தடியில், கையில் ஒரு முழம் பூவோடு அம்மா எதிரே வருவாள். நான் அலறிக்கொண்டு உள்பக்கம் ஒடித்துத் திரும்புவேன்.

“ஏம்மா, ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? மோதியிருப்பேன்!”

“நான் பாட்டுக்கு என் சுத்தச் சுத்துதேன். நீ பாத்துப் போ.”

அடுத்த முறை வேகமாக வந்தாலும் அங்கேதான் இருப்பாள். மெதுவாக வந்தாலும் அங்கேதான். வாரக்கணக்கில் இது நடந்தது. எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுடைய நடையும் என் வேகமும் எப்படித்தான் அந்த முக்கில் வந்து சந்தித்துக்கொள்கின்றனவோ என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில், அவள் கண்ணில் படுவதற்கு முன்பே என் உடம்பு உள்பக்கம் சாயப் பழகிவிட்டது.

இரண்டாவது முகாமில் கோச் தடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். சாயங்காலம் போட்டிக்குப் போகிறவர்களின் பெயரை வாசித்தார். காந்திமதி என்ற பெயர் அவர் வாயில் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே! அது என் பெயர்தான் என்று புரிந்து நான் எழுந்து நிற்பதற்குள் எல்லோரும் என் முதுகில் அறைய ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுபடியும் அந்தச் சரிவு

இப்போது மலேசியாவுக்கு வருவோம். பாவம், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

முதல் ஓட்டத்தில் நான் எப்படித் தோற்றேன் என்று சொல்லவில்லையே. முன்னால் இருந்தேன். கடைசி வளைவில் முழு வேகத்தில் என் பழைய வியாதி வந்துவிட்டது. வண்டி வெளியே ஒதுங்கியது, கொரியாக்காரி உள்ளே புகுந்து போய்விட்டாள். இரண்டாவது ஓட்டத்தில் அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து, வளைவெல்லாம் முடிந்தபிறகு நேர்த் தடத்தில் தாண்டினேன். ஆளுக்கு ஒன்று. என்னுடைய நோய் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்ததுதான்.

தொடை நடுங்குகிறது. அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது. ஏய் கொரியாக்காரி, நான் எவர்சில்வர் குடம் வாங்கியவள், என்கிட்டயா? பைய, பைய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் நழுவியது. பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. விழாமல் இருக்க ஒரு மிதி மிதித்தாள். அந்த மிதியில் எனக்கு முன்னால் வந்துவிட்டாள். கேலரி கூரை பறக்கிற மாதிரி கத்தியது.

அவள் புத்திசாலி, மறுபடி நிற்கவில்லை. அப்படியே கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. அவள் வேகம் கூட்டினாள். இரண்டாவது ஓட்டம் போலவே கடைசி நேர்த் தடம்வரை நான் காத்திருப்பேன் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எதிர்ப்பக்க நேர்த் தடத்தில் என் கால்கள் என்னைக் கேட்காமலே பாய்ந்துவிட்டன. வளைவுக்குச் சற்று முன்னால் அவளைத் தாண்டிவிட்டேன். இப்போது நான் முன்னால். வாழ்க்கையில் அவ்வளவு வேகத்தில் நான் எந்த வளைவிலும் நுழைந்ததில்லை.

வண்டி வெளியே இழுத்தது. அதே இழுப்பு. அவள் எனக்குப் பின்னால் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறாள், எனக்குத் தெரியும். ஒரு கை அகலம் நான் வெளியே போனால் போதும் அவளுக்கு.

அப்போது அந்த வளைவின் வெளிப்பக்கத்தில் அம்மா வந்தாள். இதை எப்படிச் சொன்னாலும் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். கம்பத்தடியில், கையில் ஒரு முழம் பூவோடு, முட்டுவலி நடையில் என் அம்மா எதிரே வந்தாள். என் உடம்பு உள்பக்கம் ஒடிந்து சாய்ந்தது. தடத்தின் உள்ளோரக் கோட்டை விட்டுச் சக்கரம் விலகவே இல்லை. கொரியாக்காரிக்கு உள்ளே வழி கிடைக்கவில்லை. வெளியே சுற்றிக்கொண்டு வந்தாள். வந்தாள், வந்தாள், என் தோளுக்குப் பக்கத்தில் அவள் தலை தெரிந்தது. அதற்குள் எல்லைக் கோடு வந்துவிட்டது.

அரைச் சக்கர வித்தியாசம். ஜெயித்துவிட்டேன்!

பிரேக் இல்லாத வண்டி, உடனே நிற்காது. இன்னும் ஒரு சுற்று அழுதுகொண்டே போனேன். கோச் தடத்துக்குள் ஓடி வந்து தலைப்பாகையோடு குதித்தார். கேலரியிலிருந்து அந்த அம்மாள் இறங்கி வந்து என் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“எங்க தாத்தா ஆழ்வார்திருநகரி. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்ட இங்க வந்தவரு. அவரு பேச்சுல பாதி எங்க வீட்டுல இன்னும் இருக்கு” என்றாள். “நீ நிக்கும்போது எனக்கு உசுரே போச்சு, புள்ள.”

அன்று ராத்திரி பாத்திரக்கடைக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்.

“விழுந்தியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. பதக்கம் கெடச்சிருக்கு.”

“கெடைக்கட்டும். விழலைல்லா?”

வடக்கே திருப்பு

ஜங்ஷனில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் தவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ என்று நினைத்தேன். எனக்குத்தான். திறந்த ஜீப், ரோஜாமாலை. அப்பா கையில் பழைய குடை. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. என்னையும் அம்மாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். டவுனுக்குள் நுழைந்து, கோயில் வாசலில், கீழ ரத வீதியில் ஜீப் நின்றது. அங்கிருந்து ரத வீதியைச் சுற்றி ஊர்வலம். ஏற்பாடு பூராவும் பாத்திரக்கடை அண்ணாச்சி.

“ம், தெற்கே விடு” என்றார் டிரைவரிடம். தெற்கே போனால் வலம். வடக்கே போனால் இடம். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

“ஏலே, நில்லு” என்றாள் அம்மா. “வடக்கே திருப்பு.”

தவில்காரர் கையை நிறுத்திவிட்டார்.

“என்ன தங்கச்சி சொல்லுத?” என்றார் அண்ணாச்சி. “ஊர்வலம்லா போவுது.”

“எம்புள்ள எந்தப் பக்கமாச் சுத்தி ஜெயிச்சாளோ அந்தப் பக்கமாத்தான் அண்ணாச்சி போவணும். இத்தன நாளும் அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். இன்னைக்கு ஊரு பாக்கட்டும்.”

“சாமி?”

“சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். விடுலே வண்டிய.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜீப்புக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி வடக்கே காட்டினார். தவில் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ரத வீதியில் ஜனம் வாயைப் பிளந்தது. பிறகு ஆரவாரம் பண்ணியது. மாடியிலிருந்தெல்லாம் பூ விழுந்தது. என் மடியில் பதக்கம், பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் அம்மா. எனக்கு அதற்குப் பிறகும் ஊர்வலங்கள் கிடைத்தன. அந்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் அம்மா எழுப்பினாள். “வா. நேத்து ஜீப்புல போன சுத்துக்கு நேரா ஒண்ணு சுத்திட்டு வருவோம்.”

செருப்பில்லாமல் நடந்தோம். எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சி சீக்குக்காக நடந்துகொண்டிருந்தார். கீழ ரத வீதி, தெற்கு, மேல. அந்த முக்கு வந்ததும் அம்மா என்னை உள்பக்கம் விட்டுவிட்டுக் கடை ஓரமாக ஒதுங்கினாள். லைட்டுக் கம்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கால் வலிக்காம்மா?”

“இல்ல. பழக்கம். இங்கனதான நிப்பேன்.”

“நிப்பியா? நீ நடந்துல்லா வருவே?”

“எங்கன நடந்தேன்? மொத ரெண்டு நாள்தான் நடந்தேன். இந்த முக்குல நீ அகலமாப் போறதப் பாத்தேன். சொன்னா நீ கேக்கவா போற? பொறவு தெனமும் இங்கனயே நின்னுட்டேன். நீ வாறது தெரிஞ்சதும் ரெண்டு எட்டு முன்னால வைப்பேன். சாமிக்குச் சுத்த வேண்டியதெல்லாம் அப்படியே கெடக்கு, இனிமேத்தான் சுத்தணும்.”

எவ்வளவு வேகத்தில் நான் அந்த முக்குக்கு வருவேன் என்று எனக்குத்தானே தெரியும்.

“மோதியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?”

“நீ என்மேல மோதமாட்டேன்னு எனக்குத் தெரியும்லா” என்றாள் அம்மா. கம்பத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.